நிக்கல்சனும் மஸ்னவியும்

மௌலானா ரூமியின் மஸ்னவி 1925க்கும் 1940க்கும் இடையில் இங்கிலாந்தில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. மூன்று தொகுதிகள் பாரசீக மூலம், மூன்று ஆங்கில மொழிபெயர்ப்பு, இரண்டு உரை. ஆறு நூல்களாக விரியும் 25,000க்கும் மேற்பட்ட ஈரடிகளில் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. இத்தனையையும் செய்து முடித்தவர் ஒரே மனிதர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெனால்ட் அலெய்ன் நிக்கல்சன். கிழக்கு நாடு எதிலும் அவர் காலடி பட்டதில்லை. தரீக்கா எனும் சூஃபி வழிமுறை எதிலும் சேர்ந்தவரல்லர். ஒரு ஷெய்கின் முன் அமர்ந்து திக்ரு செய்தவரும் அல்லர். ஆனாலும் கடந்த நூறாண்டுகளில் ஆங்கிலத்தில் சூஃபித்துவத்தைப் பற்றி எழுதிய எவரும் அவரைத் தாண்டிப் போக முடிந்ததில்லை. இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் ரூமியும் பெரும்பகுதி அவருடைய வழியிலும் அவருடைய மாணவர் ஆர்பெரியின் வழியிலும் போனவர்தான்.

வெளியே நின்று பார்த்தவர் ஒருவர் இந்த அனுபவ மார்க்கத்தை எவ்வளவு தூரம் அறிய முடிந்தது என்பது பழைய கேள்வி. அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு, காலனிய அறிவாளி என்று ஒதுக்கியவர்களும் உண்டு. என் பார்வையில் நிக்கல்சனின் கோட்பாடுகளில் பல விழுந்துவிட்டன. அவர் நிறுவிய மூலபாடங்கள் நிற்கின்றன. அந்தக் கோட்பாடுகளை விழவைத்ததில் பெரும்பங்கு அந்த மூலபாடங்களுக்கே உண்டு என்பதுதான் இந்த வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அவர் 1868இல் யார்க்‌ஷயரின் கீத்லி ஊரில் பிறந்தார். தந்தை புதைபடிவங்களை ஆய்ந்த விஞ்ஞானி. அரபு, பாரசீகச் சுவடிகளைச் சேர்த்து வைத்திருந்தவர் தாத்தா ஜான் நிக்கல்சன். அந்தச் சேகரம் பேரனுக்கு வந்து சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் முதலில் கிரேக்கமும் லத்தீனும் படித்துப் பரிசுகள் வாங்கிய இளைஞர், எட்வர்ட் பிரவுனைச் சந்தித்த பிறகு பாரசீகத்தின் பக்கம் திரும்பினார். ஆசிரியரும் மாணவரும் இரு துருவங்கள். பிரவுன் 1887–88இல் ஈரானில் ஊர் ஊராகச் சுற்றி, தர்வேஷ்களோடும் பாபி மதத்தினரோடும் இரவிரவாகப் பேசிவிட்டு வந்தவர்; பிற்காலத்தில் ஈரானின் அரசியலமைப்புப் புரட்சிக்காக லண்டனில் குரல் கொடுத்தவர். நிக்கல்சனுக்கு அரசியலும் இல்லை, பயணமும் இல்லை. அவருக்கு உலகம் என்பது கையெழுத்துப் பிரதி. 1926இல் பிரவுன் மறைந்தபோது அவர் வகித்த அரபுப் பேராசிரியர் பதவி நிக்கல்சனுக்கு வந்தது. 1933 வரை அதில் இருந்தார்.

முதல் நூல் 1898இல் வந்தது. ரூமியின் திவானே ஷம்ஸே தப்ரீஸிலிருந்து 48 கஸல்களைத் தேர்ந்து, மூலத்தோடும் குறிப்புகளோடும் வெளியிட்டார். வயது முப்பது. அந்தக் குறிப்புகளில் கிரேக்கத் தத்துவவாதி புளோட்டினஸ் அடிக்கடி தலைகாட்டுகிறார். கிரேக்கத்தில் ஊறியவர் பாரசீகத்துக்கு வந்தால் கூடவே தன் பழைய கண்ணாடியையும் கொண்டுவருவது இயல்புதான். இந்த நூலுக்கு வேறொரு கதையும் உண்டு. அன்று திவானுக்கு நம்பத்தகுந்த பதிப்பு கிடையாது. பிற்காலத்தில் பதீஉஸ் ஸமான் ஃபுரூஸான்ஃபர் தெஹ்ரானில் பழைய பிரதிகளை ஒப்பிட்டு 1957 முதல் திவானின் ஆய்வுப் பதிப்பை வெளியிட்டபோது, நிக்கல்சன் தேர்ந்த 48இல் சில ரூமியுடையவையே அல்ல என்று தெரிந்தது. தான் கிறித்தவனும் அல்ல, யூதனும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிழக்கும் தன் ஊரல்ல, மேற்கும் அல்ல என்று பேசும் அந்தப் புகழ்பெற்ற கஸல் அவற்றில் ஒன்று. ரூமி எல்லா மதங்களையும் கடந்தவர் என்று சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் கவிதை அதுதான். பழைய பிரதிகளில் அது இல்லை. இன்றும் சுவரொட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் ரூமி பெயரிலேயே வலம் வருகிறது.

சூஃபித்துவம் எங்கிருந்து வந்தது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆட்டிவைத்த கேள்வி. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1791லேயே பாரசீகக் கவிகளையும் வேதாந்திகளையும் ஒரே மூச்சில் பேசிவிட்டார். 1821இல் தோலுக் என்ற ஜெர்மானிய இறையியலர் லத்தீனில் ஒரு தனி நூலே எழுதினார். பாமர் என்ற ஆங்கிலேய அறிஞரோ பாரசீகனின் ஆரிய மனத்தில் பிறந்தது சூஃபித்துவம் என்றார். வேறு சிலர் பௌத்தத்தைக் காட்டினர், சிலர் கிறித்தவத் துறவிகளைக் காட்டினர். எல்லோருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை இருந்தது: இவ்வளவு நுட்பமான, இவ்வளவு காதல் ததும்பும் ஒன்று இஸ்லாத்திலிருந்து வந்திருக்க முடியாது. இஸ்லாம் வறண்ட சட்டம் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டு, சூஃபிகளுக்கு வேறு பெற்றோரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நிக்கல்சனும் இந்தத் தேடலில் இறங்கியவர்தான். 1906இல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி இதழில் சூஃபித்துவத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டுத் துறவு நெறி இஸ்லாமிய மண்ணில் முளைத்தது. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் துன்னூன் போன்றோரிடம் தெரியும் ஞானக் கொள்கை புளோட்டினஸ் வழிவந்த புதுப் பிளாட்டோனியத்தின் பாதிப்பில் எழுந்தது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். புளோட்டினஸ் மறுபடியும் வந்துவிட்டார். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சூஃபி யார், தஸவ்வுஃப் எனும் சூஃபித்துவம் என்றால் என்ன என்று பழைய ஷெய்குகள் சொன்ன விளக்கங்களை குஷைரி, அத்தார், ஜாமி நூல்களிலிருந்து திரட்டி, சொன்னவரின் காலப்படி வரிசையாக வைத்தார். அந்த வரிசையைப் படித்தால் கிரேக்கம் எங்கேயும் தென்படாது. தன்னலத்தை விடுவது, ஏழ்மையை மகிழ்ச்சியோடு ஏற்பது, தனக்கும் இறைவனுக்கும் நடுவே எதையும் வைக்காதிருப்பது என்ற பேச்சே திரும்பத் திரும்ப வரும். கோட்பாடு ஒரு திசையில் போக, அவரே திரட்டிய சான்று வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் பதிப்பு வேலையிலேயே மூழ்கினார். அத்தாரின் தத்கிரத்துல் அவ்லியா 1905–07இல் இரு தொகுதிகளாக வந்தது. லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரியின் கஷ்ஃபுல் மஹ்ஜூபை 1911இல் மொழிபெயர்த்தார். பாரசீகத்தில் எழுந்த மிகப் பழைய விரிவான தஸவ்வுஃப் நூல்களில் ஒன்று அது. அதே ஆண்டில் இப்னு அரபியின் தர்ஜுமானுல் அஷ்வாக். 1914இல் தூஸ் நகரின் ஸர்ராஜ் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய கிதாபுல் லுமஃ. சூஃபித்துவ வரலாற்றில் இதன் இடம் தனி. சூஃபிகள் குர்ஆன் வசனங்களையும் நபிமொழியையும் எப்படிப் படித்தார்கள், எந்த வசனத்திலிருந்து எந்த நிலையைப் பெற்றார்கள் என்று ஸர்ராஜ் அத்தியாயம் அத்தியாயமாக அடுக்குகிறார். கிடைத்த இரண்டு பிரதிகளிலும் பக்கங்கள் விடுபட்டிருந்தன. விடுபட்ட பகுதியைப் பிறகு கண்டெடுத்து 1947இல் வெளியிட்டவர் ஆர்பெரி. இந்த நூலின் மெய்ப்புத் தாள்களை வரி வரியாகத் திருத்திய ஒருவர் சூஃபித்துவம் வெளியிலிருந்து ஒட்டவைத்த சரக்கு என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பது கடினம்.

அதே 1914இல் பொதுவாசகருக்காக அவர் எழுதிய சிறு நூலில் பழைய பார்வை இன்னும் இருக்கிறது. தன்னை இழக்கும் ஃபனா நிலையை நிர்வாணத்தோடு ஒப்பிடுகிறார். ஆனால் உடனே நின்று, சூஃபிகளுக்கு ஃபனாவோடு பாதை முடிவதில்லை, இறைவனில் நிலைத்திருக்கும் பகா அதற்குப் பின் வருகிறது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்கிறார். ஒப்புமை வேண்டும் என்ற ஆசையும், நூல் தரும் தடையும் ஒரே பக்கத்தில் மல்லுக்கட்டுவதை அங்கே பார்க்கலாம்.

1922இல் பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன் சூஃபி ஹல்லாஜைப் பற்றி எழுதிய பெருநூல் பாரிஸில் வெளிவந்தது. பாக்தாதில் ஹல்லாஜ் கொல்லப்பட்டு அப்போது சரியாக ஆயிரம் ஆண்டு. குர்ஆனை ஓயாமல் ஓதி, அதன் சொற்களைத் தம் உள்ளத்தில் ஊறவிட்ட பழக்கத்திலிருந்தே சூஃபித்துவத்தின் கலைச்சொற்கள் பிறந்தன என்று சான்றுகளோடு காட்டினார் மாசிஞோன். ஐம்பதைத் தாண்டிய, துறையில் முடிசூடா மன்னராக இருந்த நிக்கல்சன் இதை எதிர்த்து நிற்கவில்லை. 1923இல் வெளிவந்த, ஆளுமைக் கருத்தைப் பற்றிய மூன்று சொற்பொழிவுகளில் ஹல்லாஜை, எல்லாமே கடவுள் என்று சொன்னவராகப் படிப்பது தவறு என்ற பக்கம் வந்து நின்றார். சூஃபியின் இறைவன் உறவுகொள்ளக்கூடிய இறைவன், நபிகள் நாயகத்தின் ஆளுமை அந்த உறவின் நடுவில் இருக்கிறது என்று பேசினார். கல்வித்துறையில் இது அபூர்வம். தன் பெயரைத் தாங்கிய கொள்கையை விட்டுக்கொடுக்க மனம் வருகிறவர்கள் குறைவு.

இவ்வளவு நாளும் இறந்தவர்களோடு மட்டும் உழைத்தவருக்கு உயிரோடிருக்கும் ஒரு கவிஞரிடமிருந்தும் பாடம் கிடைத்தது. முஹம்மது இக்பால் 1905 முதல் கேம்பிரிட்ஜில் படித்தபோதே இருவருக்கும் பழக்கம். இக்பாலின் அஸ்ராரே குதி 1915இல் வந்தது. நிக்கல்சன் அனுமதி கேட்டு மொழிபெயர்த்து 1920இல் வெளியிட்டார். நூலைப் படித்த ஆங்கில விமர்சகர்கள் நீட்சேயின் அதிமனிதன் இதோ லாகூரில் என்றார்கள். இக்பால் 1921 ஜனவரியில் நிக்கல்சனுக்கு எழுதிய கடிதத்தில் இதை மறுத்தார்: முழுமனிதன் என்ற சூஃபிக் கருத்தைப் பற்றித் தாம் எழுதியது இருபது ஆண்டுக்கு முன்பு, நீட்சேயைக் கையில் எடுப்பதற்கும் முன்பு. அவர் சொன்னது உண்மை. முழுமனிதன் கருத்தை விரித்தெழுதிய சூஃபி ஜீலியைப் பற்றிய அவருடைய கட்டுரை 1900லேயே பம்பாயில் அச்சாகியிருந்தது. கிழக்கில் எதைக் கண்டாலும் மேற்கில் அதற்கு மூலம் தேடும் பழக்கத்தை, அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த துறையின் தலைவருக்கு ஒரு முன்னாள் மாணவர் எடுத்துச்சொன்ன இடம் இது.

இத்தனைக்கும் பிறகுதான் மஸ்னவி. அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்தவை துண்டுகள்: ரெட்ஹவுஸ் முதல் நூலைச் செய்யுளாக்கியிருந்தார், வின்ஃபீல்ட் சுருக்கம் தந்திருந்தார், வில்சன் இரண்டாம் நூலைச் செய்திருந்தார். முழுமையாக யாரும் செய்யவில்லை. கிழக்கில் அச்சான பதிப்புகளிலோ இடைச்செருகல்கள் மலிந்து கிடந்தன. நிக்கல்சன் ஐரோப்பிய நூலகங்களில் கிடைத்த பழைய பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் நிறுவத் தொடங்கினார். பாதி வழியில் கோன்யாவிலிருந்த பிரதி ஒன்றின் படம் அவருக்குக் கிடைத்தது. ஹிஜ்ரி 677இல், அதாவது 1278இல், ரூமி மறைந்து ஐந்தே ஆண்டில் எழுதி முடிக்கப்பட்டது அது. அச்சேறிய நூல்களை அப்படியே விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். அவர் கோன்யா பிரதியை அடிப்படையாக மாற்றிக்கொண்டார்; ஏற்கெனவே வெளியான பகுதிகளுக்கும் திரும்பிப் போய், அதன் பாடபேதங்களைப் பட்டியலாகச் சேர்த்தார். மஸ்னவியின் முதல் ஈரடியே மக்கள் வாயில் ஒரு விதமாகவும் கோன்யா பிரதியில் வேறு விதமாகவும் இருக்கிறது என்றால், அந்தப் பட்டியலின் கனம் புரியும்.

மொழிபெயர்ப்பு உரைநடை. அழகுக்கு ஆசைப்படாத உரைநடை. மூலத்தில் இல்லாத, பொருள் விளங்கத் தாம் சேர்த்த ஒவ்வொரு சொல்லையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். வாசிப்பு தட்டித்தடுமாறுகிறது என்று குறை சொல்வார்கள், குறை உண்மைதான். ஆனால் எது ரூமி சொன்னது, எது நிக்கல்சன் சேர்த்தது என்பது வாசகனுக்கு எப்போதும் தெரியும். இதைவிட நேர்மையான மொழிபெயர்ப்பு முறை ஒன்றை நான் கண்டதில்லை. பச்சையாகப் பேசும் பகுதிகளை, முக்கியமாக ஐந்தாம் நூலில் வரும் எஜமானியும் அடிமைப்பெண்ணும் கழுதையும் பற்றிய கதையின் இடங்களை, அவர் லத்தீனில் பெயர்த்தார். விக்டோரியா காலத்து வளர்ப்பு அங்கே குறுக்கே நிற்கிறது. ரூமி அந்தக் கதையை, குருவிடம் பாதி மட்டும் கற்றுக்கொண்டு தொழிலில் இறங்குகிறவனுக்கு எச்சரிக்கையாகச் சொல்கிறார். லத்தீன் தெரியாத வாசகனுக்கு அந்த எச்சரிக்கை முழுதாகச் சேராது. இருந்தாலும் ஒரு வரியைக்கூட அவர் வெட்டி எறியவில்லை, எண் தவறவிடவில்லை.

எனக்கு மிகவும் பிரியமானவை ஏழாம், எட்டாம் தொகுதிகள், அதாவது உரை. ஈரடிகளுக்குப் பின்னாலிருக்கும் குர்ஆன் வசனம், நபிமொழி, பழைய ஷெய்கின் வாக்கு, ஸனாயியிலும் அத்தாரிலும் அந்தக் கதையின் முந்தைய வடிவம் என்று தேடித் தருகிறார். பக்கம் பக்கமாகப் புரட்டினால் ரூமியின் ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் குர்ஆன் ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. தோற்றம் பற்றிய பழைய சண்டைக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை. அந்தப் பதிலைத் தந்தவர் 1906இல் எதிர்ப்பக்கம் நின்றவர்.

அவருக்கு முன்னே மஸ்னவிக்கு உரை கண்டவர்களை அவர் மதித்துப் பயன்படுத்தினார். துருக்கியில் வாழ்ந்த இஸ்மாயீல் அன்கரவி ஒருவர். இன்னொருவர் லக்னோ ஃபிரங்கி மஹல் வழிவந்த மௌலானா அப்துல் அலி, பஹ்ருல் உலூம் என்று பெயர் பெற்றவர். ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் ஆதரவில் மதராஸுக்கு வந்து, இங்கேயே பாடம் நடத்தி, 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் மேசையில் விரிந்திருந்த உரைகளில் ஒன்று நம் திருவல்லிக்கேணியில் துயில்கிறவருடையது என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. பஹ்ருல் உலூம் ரூமியை இப்னு அரபியின் வஹ்தத்துல் வுஜூத் என்ற இருப்பின் ஒருமைக் கொள்கை கொண்டு விளக்குகிறவர். நிக்கல்சனும் அந்தப் பாதையில் சற்று அதிகமாகவே நடந்துவிட்டார். ரூமியின் பேச்சை இப்னு அரபியின் கலைச்சொல்லுக்குள் அடைத்துவிட்டார்கள், ரூமிக்குத் தம் தந்தை பஹாவுத்தீனும் ஆன்மத் தோழர் ஷம்ஸ் தப்ரீஸும் போதும் என்று வில்லியம் சிட்டிக் போன்ற பிற்கால அறிஞர்கள் சொல்லும் திருத்தம் நியாயமானது.

எட்வர்ட் சயீதின் கீழைத்தேயவியல் விமர்சனம் 1978இல் வந்த பிறகு நிக்கல்சன் தலைமுறை அறிஞர்கள் எல்லோரும் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். பிரிட்டனில் பாரசீகமும் அரபும் பல்கலைக்கழகப் பாடங்களாக வளர்ந்ததில் ஆட்சியின் தேவைக்குப் பங்கு உண்டு. சுவடிகள் ஐரோப்பாவுக்குப் போய்ச்சேர்ந்த வழிகளும் எல்லாம் நேர்வழிகளல்ல. இதை மறைக்க வேண்டியதில்லை. நிக்கல்சன் சூஃபியைப் புத்தகமாகவே பார்த்தார். தர்காவும், சங்கீதமும், வெள்ளிக்கிழமைக் கூட்டமும், முரீதின் அன்றாடமும் அவர் எழுத்தில் வராது. வாழும் மார்க்கம் ஒன்றை அவர் பழைய இலக்கியமாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் ஈரானிய அறிஞர்களே அவருடைய பாடத்தைத் தம் பாடமாக ஏற்று அச்சிட்டார்கள். அவருடைய உரை பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அங்கே படிக்கப்படுகிறது. சொந்த வீட்டார் ஏற்றுக்கொண்ட வேலையை வெளியார் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆர்பெரி தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பு தர்வேஷ் என்பது. அது மாணவரின் பாசம். ஆனாலும் பார்வை மங்கிவந்த முதுமையிலும் எட்டாம் தொகுதியை முடித்துக் கொடுத்தவரின் ஒழுக்கத்தைத் தவம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 1945 ஆகஸ்டில் செஸ்டர் நகரில் காலமானார்.

அதன் பிறகு நடந்தது நேர் எதிர். 1976இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் பிளை, ஆர்பெரியின் ரூமி மொழிபெயர்ப்பை கோல்மன் பார்க்ஸிடம் கொடுத்து, இந்தக் கவிதைகளைக் கூண்டிலிருந்து விடுவிக்கச் சொன்னார். பார்க்ஸுக்குப் பாரசீகம் தெரியாது. ஆர்பெரியையும் நிக்கல்சனையும் எடுத்து, சமகால அமெரிக்கப் புதுக்கவிதை நடையில் மாற்றி எழுதினார். 1995இல் வந்த அவருடைய தொகுப்பு லட்சக்கணக்கில் விற்றது. நிக்கல்சன் அடைப்புக்குறி போட்டுக் காத்த எல்லைகள் அதில் இல்லை. குர்ஆன் வசனக் குறிப்புகள் பல உதிர்ந்துபோயின. பார்க்ஸின் இந்தப் பயணத்தில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. அவர் தம் குரு என்று சொன்னவர் இலங்கையிலிருந்து 1971இல் பிலடெல்பியா போய்ச்சேர்ந்த பாவா முஹையத்தீன். யாழ்ப்பாணப் பக்கம் ஆசிரமம் வைத்திருந்த பாவா பேசியதெல்லாம் தமிழ். சீடர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கேட்டார்கள். ரூமி வேலையைச் செய்துதான் ஆகவேண்டும் என்று தமக்குச் சொன்னவர் அவரே என்கிறார் பார்க்ஸ். ஆக, அந்தப் பிரபலமான ரூமிக்குப் பின்னால் கேம்பிரிட்ஜின் பிரதி ஒரு பக்கம், தமிழ் பேசிய ஞானி ஒருவரின் உத்தரவு மறுபக்கம். பார்க்ஸ் நல்ல கவிஞர், அவருடைய பக்தியும் பொய்யல்ல. ஆனால் தொழுகையும் நோன்பும் நபிநேசமும் உதிர்ந்த ரூமி, நிக்கல்சன் பதினைந்து ஆண்டு உட்கார்ந்து பதிப்பித்த ரூமி அல்லர்.

தமிழில் புழங்கும் ரூமி கவிதைகளில் பெரும்பாலானவை இந்த அமெரிக்க வடிவங்களிலிருந்து வந்தவை. அவற்றுக்குக் கீழே நூல் எண்ணோ ஈரடி எண்ணோ இருப்பதில்லை. எந்த வரி மஸ்னவியில் எங்கே வருகிறது, வருகிறதா என்றே வாசகன் சரிபார்க்க வழியில்லாமல் போகிறது. ஜாவித் முஜத்திதி 2004 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பு மூலத்திலிருந்து நேரே செய்யப்பட்டது. பாரசீகம் கற்ற தமிழ் ஆலிம்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழில் அடுத்து ரூமியைப் பதிப்பிக்கிறவர்கள் ஒவ்வொரு கவிதைக்கும் அடியில் மஸ்னவியின் நூல் எண்ணையும் நிக்கல்சனின் ஈரடி எண்ணையும், கஸலானால் ஃபுரூஸான்ஃபர் எண்ணையும் அச்சிட வேண்டும். எண் கிடைக்காத கவிதையை ரூமி பெயரில் போடக்கூடாது.